எட்டு கெஜமும் ஒரு தொப்பையும்

(ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு கில்ட் தையல் கடை. கில்ட் என்பது அங்கே ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை. மேசையில் டார்ட்டன் கட்டம் போட்ட கம்பளித் துணி. மோராக் வாயில் குண்டூசிகளோடு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கிறார்.)

ஹேமிஷ்: என்னம்மா, என் கில்ட் முடிந்ததா?

மோராக்: ம்ம்ம்.

ஹேமிஷ்: அப்பாடா! பணம் எவ்வளவு?

மோராக்: (ஊசிகளை எடுத்துவிட்டு) "பாதிதான்" என்றேன். 27 மடிப்பில் 14 ஆகியிருக்கிறது.

ஹேமிஷ்: எட்டு கெஜம் என்றீர்கள். இங்கே ஒரு முழம்தானே தெரிகிறது?

மோராக்: மீதி மடிப்புக்குள் போயிருக்கிறது, தம்பி. ஒவ்வொரு மடிப்பிலும் வெளியே தெரிவது முக்கால் அங்குலம். உள்ளே ஆறேழு அங்குலம்.

ஹேமிஷ்: சும்மா மடித்துத் தைத்தால் போகாதா? இந்தச் சிவப்புக் கோட்டுக்காக ஒரே ஊசியை மூன்று தடவை பிடுங்கிக் குத்துகிறீர்களே!

மோராக்: மடித்த பிறகும் முன்பக்கத்துக் கட்டம் பின்பக்கமும் அப்படியே ஓட வேண்டும். பட்டாளத்துக் கில்டில் மடிப்புக்கு மடிப்பு ஒரே கோடு வரும். நீ கேட்டது அதில்லை, கட்டம் ஓடுகிற இது.

ஹேமிஷ்: பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

மோராக்: தேவாலயத்தில் உனக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் எல்லோரும். சரி, இடுப்பு 34 தானே?

ஹேமிஷ்: பேன்ட்டிலேயே எழுதியிருக்கிறதே.

மோராக்: பேன்ட் தொப்பைக்குக் கீழே பதுங்கிக்கொள்ளும். கில்ட் தொப்புள் வரை ஏறும். இப்படித் திரும்பு. மூச்சை விடு.

ஹேமிஷ்: விட்டேன்.

மோராக்: முழுசாக விடு.

(டேப் நகர்கிறது.)

மோராக்: முப்பத்தேழரை!

ஹேமிஷ்: டேப் பழசோ?

மோராக்: பழசு டேப் இல்லை, உன் 34. முடித்த 14 மடிப்பையும் பிரிக்க வேண்டும்.

ஹேமிஷ்: ஐயோ! மூன்றரை அங்குலத்துக்கு எங்கே போவது?

மோராக்: மடிப்பு கீழிருந்து மேலே வரும்போது குறுகும். அந்தக் குறுக்கத்தில் மடிப்புக்கு மடிப்பு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு விட்டால், 27 மடிப்புக்குக் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் அங்குலம் வந்துவிடும். மற்ற பாதி முன்பக்கத்தில்.

ஹேமிஷ்: இவ்வளவு சுலபமா!

மோராக்: கைதவறி குறுகும் பக்கம் அதே நூலளவு போனால், கில்ட் உன் தம்பிக்குத்தான்.

ஹேமிஷ்: கீழே இந்த வெள்ளை நூல் எதற்கு? அலங்காரமா?

மோராக்: மடிப்பு கலையாமல் இருக்க ஓட்டிய நூல். கட்டுவதற்கு முன் பிரித்துவிடு. இல்லாவிட்டால் மடிப்பு விரியாது, ஆட்டமும் வராது.

ஹேமிஷ்: சனிக்கிழமை கல்யாணத்துக்குக் கிடைத்துவிடுமா?

மோராக்: கிடைக்கும். அதுவரை வாயைக் கட்டு.

ஹேமிஷ்: வெள்ளிக்கிழமை இரவு மாப்பிள்ளை வீட்டில் விருந்தாயிற்றே!

மோராக்: (பெருமூச்சுடன் மறுபடி ஊசியைப் பிடுங்கி) சரி, இன்னொரு பதினாறில் ஒரு பங்கு.