நெருப்பு கேட்ட குரல்

நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றிச் சினுவா ஆச்செபி 1958-இல் எழுதிய நாவலை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறேன். தமிழில் ‘சிதைவுகள்’ என்று என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்த்த புத்தகம்தான்.

இந்தத் தடவை ஒரு சின்ன இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கதைநாயகன் ஒகோங்க்வோவின் மூத்த மனைவி தன் குடிசையிலிருந்து அவனுடைய இரண்டாவது மனைவி எக்வெஃபியைக் கூப்பிடுகிறாள். “நானா?” என்று பதில் வருகிறது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் அந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். கூப்பிட்டது கெட்ட ஆவியாக இருந்துவிட்டால்? ஆச்செபி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மூத்தவளுக்கு வேண்டியது அடுப்புக்கு நெருப்பு. உடைந்த சட்டித் துண்டில் நாலைந்து கங்குகளை வைத்து எக்வெஃபி கொடுக்க, மகள் எஸின்மா பெருக்கிவிட்ட முற்றத்தைத் தாண்டி எடுத்துப் போகிறாள்.

ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் ஏன் என்று கேட்கணும் என்பார் எங்கள் ஆச்சி. படித்ததும் அவர் குரலே காதில் விழுந்தது.

அந்த எக்வெஃபி பத்துப் பிள்ளை பெற்றவள். ஒன்பது தங்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ‘ஒன்வும்பிகோ’ என்று பெயர் வைக்கிறாள்: மரணமே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிறகொன்றுக்கு ‘ஒன்வுமா’: மரணம் தன் இஷ்டப்படி செய்துகொள்ளட்டும். பிள்ளை தங்காத வீட்டில் பிச்சை, குப்பம்மாள் என்று பெயர் வைக்கும் ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் பாதியில் கதையே நகரவில்லை, சடங்கும் சம்பிரதாயமும்தான் என்று நண்பர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாதிதான் உயிர். வந்தவருக்கு மரியாதையாகக் கொடுக்கும் கோலாக் கொட்டையை யார் உடைப்பது என்று விருந்தாளியும் வீட்டுக்காரரும் மாறி மாறி உபசாரம் சொல்வதையும், வெட்டுக்கிளி வந்த நாளில் ஊரே கொண்டாடியதையும் கூட இருந்து பார்த்ததால்தான், பிற்பாதியில் மிஷனரிகளும் வெள்ளைக்கார அதிகாரமும் வந்து அந்த ஊர் இரண்டுபடும்போது நமக்கு வலிக்கிறது. இங்கிருந்து கிளம்பிப் போய் அந்த முற்றத்தில் கொஞ்ச நாள் குடியிருக்க வைக்காத புத்தகம் எதுவும் எனக்கு அப்படி வலித்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் வெள்ளைக்கார மாவட்ட ஆணையர், தான் எழுதப்போகும் புத்தகத்தில் ஒகோங்க்வோவுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கலாமா என்று யோசிக்கிறார். அப்புறம், வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்குகிறது. அந்த ஒரு பத்தியில் எக்வெஃபியின் பெயர்கூட வராது.