பழைய சேஃப்டி ரேஸரை இரவெல்லாம் வினிகரில் ஊறவைக்கலாமா?

துருப்பிடித்த பழைய சேஃப்டி ரேஸரை இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்தால் புதிது போலாகிவிடும் என்றொரு குறிப்பு பரவி வருகிறது. இது தவறு. 1904-இல் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை பெற்ற வகையைச் சேர்ந்த பழைய ரேஸர்களில் பெரும்பாலானவை பித்தளையால் செய்து நிக்கல், வெள்ளி அல்லது தங்க முலாம் பூசப்பட்டவை. பித்தளையில் படியும் பச்சை நிறம் துருவே அல்ல; செம்பு அரிப்பதால் உண்டாகும் களிம்பு.

வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம் களிம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மணிக்கணக்கில் ஊறும்போது அது முலாம் உரிந்த இடங்களில் புகுந்து, பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்தெடுத்து, செம்பின் இளஞ்சிவப்புத் திட்டுகளை விட்டுச்செல்லக்கூடும். ரேஸரின் தலை துத்தநாகக் கலவையில் வார்த்தது என்றால் சேதம் இன்னும் வேகமாக நடக்கும்.

பிளேடைக் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷால் மரையிடுக்குகளைத் தேய்த்துப் பாருங்கள். உலோக அரிப்பு என்று பயந்தது பல நேரங்களில் கடின நீரில் இறுகிய சோப்புப் படிவமாகவே இருக்கும். அதற்கும் அசையாத களிம்பை, நீர் கலந்த வினிகரில் நனைத்த பஞ்சால் ஓரிரு நிமிடம் ஒற்றி, உடனே கழுவித் துடைக்கலாம். தங்க முலாமுக்கு அதுவும் வேண்டாம், பாலிஷ் பசையும் வேண்டாம். அந்தப் பூச்சு மிக மெல்லியது. உரிந்துபோன முலாமை எந்தக் கரைசலும் மீட்டுத் தராது, மறுபடி முலாம் பூசத்தான் வேண்டும்.