சாணைக் கடை அண்ணாச்சி, சூடா இருக்குற ரம்ப பிளேடைத் தண்ணில முக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?

காலையில ரெண்டாவது பலகையைத் தள்ளுனதும் 'டிங்'குன்னு ஒரு சத்தம். மரம் அறுக்குற மெஷினை நிறுத்திப் பார்த்தா, பிளேடுல நேத்து புதுசா ஒட்டி மாத்துன மூணு பல்லுல ஒண்ணைக் காணோம். பையன் தலைக்கு ஒரு முழம் மேல, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில ஓட்டை. 12 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினா ஓரத்துல இருக்குற பல்லு மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்துல போகும். அது ஒரு முழம் கீழ வந்திருந்தா? எனக்கு இன்னும் கை நடுங்குது.

நேத்து அந்தச் சாணைக் கடையில ஒரு மணி நேரம் பக்கத்துலயே நின்னேன்யா! பல்லு உட்கார்ற குழியை நல்லா சுரண்டுங்க அண்ணாச்சின்னேன். "அதெல்லாம் தீயிலயே போயிரும்." எப்படிப் போகும்? மரப்பிசினும் முன்ன ஒட்டுன பழைய பத்தும் அப்பிக் கிடந்தா, பல்லை ஒட்ட உருக்குற வெள்ளி எங்க ஓடி ஒட்டும்? வெள்ளி நல்லா ஓடிப் பிடிக்க வெங்காரப் பொடியைத் தாராளமாப் போடுங்கன்னேன். விபூதி மாதிரி ஒரு சிட்டிகை தூவினாரு. கேஸைத் திறந்து காட்டுனாரு பாருங்க, பல்லு மட்டுமா சிவந்துச்சு? நாலு விரக்கடை உள்ள வரைக்கும் தகடே நீலம் பாரிச்சுப் போச்சு. அந்த இடத்துல இரும்போட முறுக்கே போயிருக்கும்.

இதையாவது விட்டுடலாம். அடுத்து பிளேடை இடுக்கியில தூக்குனாரு. அண்ணாச்சி, தண்ணில முக்காதீங்க, அண்ணாச்சி, வேண்டாம்னு நான் சொல்லிட்டே இருக்கேன். பக்கத்துல இருந்த வாளியில 'சொய்ய்ங்'!

தகடு இரும்பு, பல்லு டங்ஸ்டன் கார்பைடு. அது இரும்பு மாதிரி கிடையாது. சூடு ஆறும்போது இரும்பு சுருங்குறதுல பாதியளவுதான் அது சுருங்கும். சட்டுனு குளிர வச்சா ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பல்லுக்குள்ள முடி மாதிரி விரிசல் விடும். கண்ணுக்கே தெரியாது. சாம்பல்லயோ காஞ்ச மணல்லயோ வச்சுத் தானா ஆற விட்டா என்ன குறைஞ்சா போயிடும்? அரை மணி நேரம்! அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு பையன் உசுரை வைக்கணுமா?

மிச்ச ரெண்டு பல்லும் பக்கவாட்டுல துருத்திட்டு நிக்குது. டைமண்டு சாணையில ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா மத்த பல்லோட சமமாயிருக்கும். இப்ப தேக்குப் பலகை முழுக்க நகத்தால கீறுன மாதிரி கோடு கோடா இருக்கு. யாரு இழைக்கிறது?

போனைப் போட்டா, "உங்க மரத்துல ஆணி இருந்திருக்கும்"ங்கிறாரு. இன்னைக்கு ஓடுனது சுத்தத் தேக்கு! ஆணி இருந்தது போன வாரம் வந்த வேப்பந்தடியில. மொத மூணு பல்லும் போனதே அதாலதான்.

ரோட்டோர மரத்துல விளம்பரத் தகடு அடிக்கிறவங்களைக் கேக்குறேன், அது உங்க வீட்டுச் சுவரா? தகடு விழுந்துரும், ஆணி உள்ளயே நிக்கும், மேல பட்டை மூடிரும். பிளந்து பார்த்தா 3 இஞ்ச் ஆணி, சுத்தி நடு வைரக்கட்டை வரைக்கும் கருநீலக் கறை. அந்த ஒரு தடியில பத்து ஆணி பிடுங்கினேன். பத்து!