ஒரே பேரில் ரெண்டு பேர் நின்றால் யார் போவது?

தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. பாம்பன் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, எங்கே போனாலும் பெயின்ட் வாசம். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் என் மச்சானுக்கும் எனக்கும் மூன்று நாளாக வாக்குவாதம். ஆரம்பித்து வைத்தது சிங்கப்பூரிலிருந்து ஜூன் லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகன். பன்னிரண்டு வயசு. பை நிறைய மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தின் கார்டுகளோடு வந்து இறங்கியிருக்கிறான். திண்ணையில்தான் ஆட்டம். உப்புக்காற்றுக்குக் கார்டு பறக்காமல் இருக்க டெக் என்கிற கார்டுக்கட்டு மேல் ஆளுக்கொரு ஈயக்குண்டு.

பிரச்சினை 'லெஜண்டரி' கார்டில். இந்த ஆட்டத்தில் பொதுவாக ஒரே கார்டை ஒரு டெக்கில் நான்கு வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் லெஜண்டரி என்று போட்டிருந்தால், கதைப்படி உலகத்துக்கே அது ஒன்றுதான். ஒரே அரசன், ஒரே கோயில், ஒரே ஆயுதம். சரி, ஒன்று களத்தில் இருக்கும்போதே அதே பேரில் இன்னொன்று வந்தால்?

இதற்கு மேஜிக்காரர்கள் முப்பது வருஷத்தில் மூன்று தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். 1994இல் லெஜண்ட்ஸ் தொகுப்பு வந்தபோது, முதலில் வந்தது நிற்கும், பிந்தி வந்தது கிரேவ்யார்டுக்கு, அதாவது ஆட்டத்தில் ஒழிந்த கார்டுகளின் குவியலுக்குப் போகும். எதிராளியுடையதானாலும் இதே கதிதான். 2004இல் காமிகாவா தொகுப்போடு மாற்றினார்கள்: ரெண்டும் போகும். 2013 ஜூலையிலிருந்து அவரவர் கணக்கு அவரவருக்கு. என்னிடம் ரெண்டு இருந்தால் ஒன்றை நான் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும், மற்றது போகும். எதிராளியிடம் அதே ஆள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மச்சான் 1994 கட்சி. "முதல்ல வந்தவனுக்குத்தான் இடம். இதுல என்ன விவாதம்?" என்கிறார். அவர் அப்பா கரைவலை இழுத்தவர். ஒருத்தர் வலையை வளைத்துவிட்டால் இழுத்து முடிக்கும்வரை அடுத்தவர் அங்கே வலை போட மாட்டார் என்பதைக் கேட்டே வளர்ந்தவர். நியாயம்தான். ஆனால் கரைக்கு முதலில் வருகிறவன் தூக்கத்தை விட்டு வருகிறான். கார்டு முதலில் வருவது கலைத்துப் போட்ட கைவாகு. ரெண்டும் எப்படி ஒன்றாகும்?

2004 தீர்ப்பு இன்னும் மோசம் என்பேன். அடுத்த வருஷம் உமெசாவாஸ் ஜிட்டே என்று ஒரு ஆயுதம் வந்தது. அதை அடக்கச் சுலபமான வழி, நீயும் ஒரு ஜிட்டே வைத்திருந்து இறக்குவது. ரெண்டும் ஒழியும். குளோன் மாதிரி நகல் எடுக்கும் கார்டுகள்கூடக் கொலைகாரர்கள் ஆயின. எதிராளியின் அரசனை நகல் எடுத்தால் போதும், நகலோடு அசலும் காலி! தனிச்சிறப்பான ஆள் என்று கொண்டாடுவதற்குப் போட்ட விதி, அந்த ஆளைச் சாகடிக்கும் சாவியாகிவிட்டது.

அதனால் நான் 2013 கட்சி. அதிலும் நம்ம பயல் ஒரு வித்தை காட்டினான். களத்தில் அவனுடைய ஒகினா இருந்தது. தாத்தாக்களின் கோயில் என்று பேர், லெஜண்டரி நிலம். நிலம் என்றால் மானா தரும் கார்டு, மானா என்றால் மற்ற கார்டுகளை இறக்கச் செலவாகும் சக்தி. அதைச் சாய்த்து, அதாவது பயன்படுத்திவிட்டதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு பச்சை மானா எடுத்தான். உடனே கையிலிருந்த இரண்டாவது ஒகினாவை இறக்கினான். சாய்ந்து கிடந்த பழையதை கிரேவ்யார்டில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்ற புதியதைச் சாய்த்து இன்னொரு மானா. "மாமா, ரெண்டாவது காப்பி வேஸ்ட்னு யார் சொன்னா?" என்றான். அந்த ஒரு மானாவில் என் கதை முடிந்தது.

எனக்கு ஒத்துவராதது 2017 மாற்றம்தான். அதுவரை பிளேன்ஸ்வாக்கர், அதாவது உலகம் விட்டு உலகம் போகும் மந்திரவாதிகளின் கார்டுகளில் ஆளைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேஸ் எந்தப் பட்டத்தோடு வந்தாலும் ஜேஸ்தான், ஒருத்தரிடம் ரெண்டு ஜேஸ் நிற்க முடியாது. இப்போது கார்டின் முழுப்பெயர் மட்டும்தான் கணக்கு. பட்டம் மாறினால் ஒரே ஜேஸ் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். எங்கள் தெருவில் நான்கு அந்தோணி. ஐஸ் அந்தோணி, நெட்டை அந்தோணி என்று பட்டம் வைத்துத்தான் கூப்பிடுவோம், ஏனென்றால் அவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரே அந்தோணிக்கு ரெண்டு பட்டம் வைத்தால் அவருக்கு ரெண்டு ஓட்டு கிடைக்குமா?

மற்ற ஆட்டங்களில் வேறு வழி. போக்கிமானில் ஏஸ் ஸ்பெக் கார்டு என்றால் டெக்குக்கே ஒன்றுதான், தகராறுக்கே இடமில்லை. கேம் ஆஃப் த்ரோன்ஸ் கார்டு ஆட்டத்தில் இரண்டாவது பிரதியை முதல் பிரதிக்கு அடியில் செருகிக்கொள்ளலாம். அந்த ஆள் சாகப்போகும்போது அடியில் இருப்பதைத் தூக்கிப் போட்டுக் காப்பாற்றலாம். இதை யோசித்தவன் கையில் முத்தம் கொடுக்கலாம்.

நேற்று ராத்திரி மச்சான் பிடிவாதத்துக்கு அவர் விதிப்படியே ஒரு ஆட்டம். நாலு ஒகினாவை ஆளுக்கு ரெண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பயல் இரண்டாவது சுற்றிலேயே ஒன்றை இறக்கிவிட்டான். மச்சான் கையில் ரெண்டு ஒகினா, வேறு நிலமே வரவில்லை. இறக்கினால் நேரே கிரேவ்யார்டு. கொசுவை அடித்துக்கொண்டு ஐந்து சுற்று சும்மா உட்கார்ந்திருந்தவர், கடைசியில் கார்டுகளைத் திண்ணையில் போட்டுவிட்டு எழுந்தார். "கார்டைச் சரியாக் கலைக்கலடா நீ."