கடைக்கு மட்டும் வெயில் அடிக்கவில்லையா?

வீட்டு மாடியில் சோலார் போட்டதிலிருந்து எங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்வி, "கடைக்கும் போட்டுடலாமே?" தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மானியம் கிடையாது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

வீட்டு மாடியில் சோலார் போட மானியம் கொடுக்கிற பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். ஒரு கோடி வீடு இலக்கு, 75,021 கோடி ஒதுக்கீடு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். மீட்டர் மாற்றி, சோதித்து முடித்ததும் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. நடுவில் யாருக்கும் "டீ செலவு" இல்லை.

ஆனால் திட்டம் வீட்டு இணைப்புக்கு மட்டும். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

எங்கள் வீட்டில் மத்தியானம் ஒரு ஆளும் இருப்பதில்லை. பிரிட்ஜ் மட்டும் ஓடும். மாடியில் வருகிற கரண்ட் எல்லாம் லைனுக்குப் போகிறது. ராத்திரி ஏசி போடும்போது லைனிலிருந்து திரும்ப எடுக்கிறோம். போனதையும் வந்ததையும் கழித்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். வீட்டுக்காரனுக்கு இதைவிட வசதி வேண்டாம், மின்வாரியமே பேட்டரி மாதிரி வேலை செய்கிறது.

இப்போது கடைக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கு ஷட்டர் தூக்கினால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். கல்கத்தாவிலிருந்து வந்தவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரதி எடுப்பார், அஸ்ஸாமிலிருந்து வந்தவர் ஆதாரை லேமினேஷன் போடக் கேட்பார். பெரிய மிஷின் சூடேறும்போது டியூப்லைட் ஒரு இமை இமைக்கும். லேமினேஷன் மிஷின் கொதித்துக்கொண்டே இருக்கும். மாலையில் கூட்டம் குறைந்துவிடும். அதாவது, வெயில் எப்போது அடிக்கிறதோ அப்போதுதான் எனக்குக் கரண்ட் வேண்டும். லைனுக்கு அனுப்பித் திரும்ப வாங்குகிற வேலையே பெரும்பாலும் இல்லை. இரண்டு மாதத்தில் 100 யூனிட்டைத் தாண்டிய கடை, யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கட்டுகிறது. வீட்டுக்கு இருக்கிற முதல் 100 யூனிட் இலவசமும் கடைக்குக் கிடையாது. தையல் கடை, இஸ்திரிக் கடை, வெல்டிங் பட்டறை என்று யாரை எடுத்தாலும் பகல் வேலைதான்.

பெரிய கம்பெனிகளுக்கு வேறு வழி இருக்கிறது. சோலாருக்குச் செலவழித்ததில் வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் என்று காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். என்னைப் போன்றவர்கள் உத்தேச வருமானக் கணக்கில், அதாவது விற்பனையில் இவ்வளவு பங்கு லாபம் என்று மொத்தமாக வைத்து, வரி கட்டுகிறவர்கள். அந்தக் கணக்கில் தேய்மானமும் அடக்கம் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. தனியாகக் கழிக்க முடியாது. வீட்டுக்காரருக்கு மானியம், பெரிய முதலாளிக்கு வரிக் கழிவு, நடுவில் நிற்கிறவனுக்கு வெயில் மட்டும்!

"லாபத்துக்கு நடத்துகிற கடைக்கு எதற்கு மக்கள் வரிப்பணம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் எரிக்கிற வீட்டில் ஏழையா இருக்கிறார்? நிஜமாகவே குறைவாக எரிக்கிறவர்களுக்கு இந்தத் திட்டத்தால் பெரிய லாபம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது, "உங்களுக்கு 200 யூனிட்டே வராது, போட வேண்டாம்" என்றுதான் சொன்னேன். 100 யூனிட் இலவசம் போக அவர் கட்டுவது சொற்பம். 2 கிலோவாட் போட்டால்கூட மானியம் போகக் கையிலிருந்து போட்ட பணம் திரும்பிவர ரொம்ப காலம் ஆகும். ஆக, இன்றைக்கு மானியம் போய்ச் சேருவது ஏசி வைத்த, சொந்த மாடி இருக்கிற என்னைப் போன்ற வீடுகளுக்குத்தான். வீட்டுக்காரனாக எனக்குக் கொடுக்கலாம், கடைக்காரனாக எனக்குக் கொடுக்கக்கூடாது என்றால் அது என்ன கணக்கு?

நான் கேட்பது பெரிதில்லை. உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிற சின்னக் கடை, பட்டறைக்கு 3 கிலோவாட் வரை அதே 78,000 கொடுங்கள். வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று வையுங்கள். எங்கள் கட்டடத்துக்காரர், "மாடி சும்மாதானே கிடக்குது, போட்டுக்கோ" என்கிறார். மீட்டர் என் பெயரில் இல்லை என்பது அடுத்த தலைவலி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வேலூர் வெயிலுக்கு இரண்டு மடங்கு கரண்ட் வருமா என்று கேட்கிறவர்களுக்கு: வராது. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடேற ஏற உற்பத்தி குறையும். அக்னி நட்சத்திரத்தில் மாடிக்குப் போய்ப் பேனலில் கை வைத்துப் பாருங்கள், புரியும். வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால் கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தூசிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டும், விடியற்காலையில். கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

அப்புறம், கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி.

எந்தக் கம்பெனியில் போட்டேன் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அரசு இணையதளத்தில் பதிவு செய்த நிறுவனமா, பேனலும் அதிலுள்ள சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததா, இரண்டையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மானியம் வராது.