மோஸ்தார் பாலம் நகல் அல்ல

போஸ்னியாவின் மோஸ்தார் நகரப் பாலத்தைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும், "அது பழைய பாலமே இல்லையே, 2004ல் கட்டினதுதானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

ஓட்டோமன் சுல்தான் சுலைமான் உத்தரவில், கட்டடக்கலைஞர் சினானின் மாணவரான ஹைருத்தீன் 1566ல் கட்டி முடித்த பாலம் அது. நடுவில் தூணே கிடையாது. நெரெத்வா ஆற்றை ஒரே கல் வளைவில் தாண்டுகிறது. 1992ல் போர் வந்ததும் ஊர்க்காரர்கள் பழைய கார் டயர்களைக் கொண்டுவந்து அதன் பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள், மேலே தகரக் கூரை போட்டார்கள். குண்டு விழுகிற ஊரில், தங்கள் உயிருக்கே உத்தரவாதம் இல்லாதபோது, ஒரு பாலத்துக்குக் கவசம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியாவின் குரோவாட் இனத்தவரின் படை அடித்த பீரங்கியில் பாலம் ஆற்றுக்குள் விழுந்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஹங்கேரி ராணுவத்தின் முக்குளிப்பு வீரர்கள் ஆற்றுக்குள் இறங்கிக் கற்களை மேலே எடுத்தார்கள். சிதைந்துபோன அவற்றை மறுபடி வளைவில் வைக்க முடியவில்லை. சரி, கான்கிரீட் ஊற்றி மேலே கல் ஒட்டியிருக்கலாம், வேலை சுலபம். அப்படிச் செய்யவில்லை. தெனெலியா என்கிற அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லையே வெட்டியெடுத்துச் செதுக்கினார்கள். கல்லையும் கல்லையும் இரும்புக் கவ்வியால் பிணைத்து, குழிகளில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஹைருத்தீனின் ஆட்கள் செய்த அதே முறை. போருக்கு முன் எடுத்த அளவுகளும் படங்களும் கைகொடுத்தன. 2004 ஜூலை 23ல் பாலம் திறந்தது, மறு வருடமே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லும் அதே மண்ணின் கல், கைவேலையும் அதே வேலை. இதை நகல் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் பாலம் எழும்பியதால், போரில் இரண்டாகப் பிளந்த ஊரும் ஒட்டிவிட்டது என்று சுற்றுலா விளம்பர பாணியில் எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மோஸ்தாரின் புகழ்பெற்ற மேல்நிலைப் பள்ளியில் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), குரோவாட் பிள்ளைகளுக்கு ஒரே கட்டடத்துக்குள் தனித்தனிப் பாடத்திட்டம். 2008க்குப் பிறகு, தேர்தல் விதிகளில் இரு தரப்பு அரசியல்வாதிகளும் ஒத்துப்போகாததால் நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. அந்த ஊர் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டது 2020 டிசம்பரில்தான்.