சிட்ரோயன் எஸ்எம்மா, ஜென்சன் இன்டர்செப்டரா?

நேற்று ராத்திரி ஒரு மணி வரை நண்பரோடு வாட்ஸாப்பில் சண்டை. பழைய கிராண்ட் டூரர் கார்களில், அதாவது நெடுந்தூரம் வேகமாகவும் சொகுசாகவும் போவதற்கென்றே செய்த கார்களில், ஒன்றைச் சும்மா தருகிறார்கள் என்றால் எதை எடுப்பாய், பிரான்சின் சிட்ரோயன் எஸ்எம்மா, இங்கிலாந்தின் ஜென்சன் இன்டர்செப்டரா? இரண்டையும் நாங்கள் ஓட்டியதில்லை, ஓட்டப்போவதும் இல்லை. அதனால்தான் சண்டை அவ்வளவு நேரம் ஓடியது.

அவர் ஜென்சன் கட்சி. 1966-இல் வந்த வண்டி, மிலானின் டூரிங் நிறுவனம் வரைந்த உருவம், கிறைஸ்லரின் 6.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், அமெரிக்க ஆட்டோமேட்டிக் கியர், எல்லாம் சேர்ந்து வெஸ்ட் புரோம்விச்சில் ஜென்சன் பெயரில் வெளியே வந்தது. பின்பக்கம் அந்த வளைந்த பெரிய கண்ணாடி அப்படியே மேலே தூக்கித் திறக்கும், அந்த அழகுக்கு நான் எதிர்ப்பேச்சு பேச மாட்டேன். ஆனால் குனிந்து அடியில் பார்த்தால் பின் ஆக்ஸிலுக்கு லாரியில் இருக்கிற மாதிரி பட்டை ஸ்பிரிங்! லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சொச்சமே கொடுக்கிற இன்ஜினை வைத்துவிட்டு மிச்சத்தைப் பற்றி யோசிக்காமல் விட்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது. (அதன் தம்பி எஃப்எஃப் மாடலில் நான்கு சக்கர இழுவையும் ஆன்டி-லாக் பிரேக்கும் 1966-லேயே இருந்தது, உண்மைதான். ஆனால் செய்தது 320 வண்டி.)

எஸ்எம்முக்கும் இரவல் இன்ஜின்தான். 1968-இல் சிட்ரோயன் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான மசெராட்டியையே வாங்கிவிட்டு, அவர்களிடம் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜின் கேட்டது. பிரான்சில் இன்ஜின் பெரிதாக ஆக வரி ஏறிக்கொண்டே போகும், அதனால் 2.7 லிட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள், 170 குதிரைத்திறன். ஜென்சன்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதிலேயே மணிக்கு 220 கிலோமீட்டர் போனது, அதுவும் முன்சக்கர இழுவையில்.

வி6 கிடக்கட்டும், ஸ்டியரிங்கைப் பாருங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டே சுற்று. வண்டி நின்றுகொண்டிருந்தாலும், இன்ஜின் ஓடினால் போதும், திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் அது தானாகவே நேராக வந்து நிற்கும். வேகம் கூடக் கூட இறுகும். முன்பக்கம் கண்ணாடி மூடிக்குப் பின்னால் ஆறு ஹெட்லைட், உள்பக்கம் இருக்கிற இரண்டும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும். பிரேக்குக்கு வழக்கமான பெடல் கிடையாது, காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ், காலை லேசாக வைத்தாலே பிடிக்கும். ஆயிலும் நைட்ரஜன் வாயுவும் சேர்ந்த சஸ்பென்ஷன், நாலு பேரும் பெட்டியும் ஏறினாலும் வண்டி பின்னால் தாழாது.

எஸ்எம் வந்த அதே 1970-இல்தான் பாரிஸிலிருந்து தெற்குக் கடலோரத்து மார்செய் வரை நெடுஞ்சாலை முழுதாக முடிந்தது, அப்போது அதில் வேக வரம்பும் இல்லை. காலையில் பாரிஸில் கிளம்பி, சாயங்காலம் கடலோரத்தில் முதுகுவலி இல்லாமல் இறங்க வேண்டும். கிராண்ட் டூரர் என்றால் எனக்கு அவ்வளவுதான்.

முடிவு இரண்டுக்குமே சோகம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்த மாதிரி வண்டியை யார் வாங்குவார்கள்? சிட்ரோயன் திவாலாகி பெஜோ கைக்குப் போனது, 1975-இல் எஸ்எம் நின்றது, மொத்தம் 12,920. அடுத்த வருஷம் ஜென்சனும் கடையைச் சாத்தியது.

கடைசியில் நண்பர் சரியான இடத்தில் அடித்தார். எஸ்எம் இன்ஜினின் டைமிங் செயின் டென்ஷனர் (இன்ஜினுக்குள் ஓடும் சங்கிலியைத் தளராமல் பிடித்திருக்கும் பாகம்) பெயர்போன தலைவலி, கவனிக்காமல் விட்டால் இன்ஜினே காலி. “நான் மார்செய் போய்ச் சேர்ந்திருப்பேன், நீ வழியில் மெக்கானிக் ஷெட்டில் நிற்பாய்” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, நிற்கிறேன். அவர் வண்டியும் பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில்தானே நின்றுகொண்டிருக்கும்.